மத்தியானமானால் செல்லாத பவர்

பவர் எழுத வக்கீல் வேண்டுமா? பதிவுத்துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கோவில்பட்டி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து ஒருவர் கேட்பார். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் கேட்பார். சமீபத்தில், என்னிடம் உதவியாளராக இருந்து இப்போது சார்பதிவாளராகிவிட்ட பெண் போனில் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், இப்பல்லாம் மாதிரிப் பத்திரம் நெட்டுலயே கெடக்கு. அவங்களே நெரப்பிக் கொண்டாந்து நீட்டுதாங்க. புதுசா வந்திருக்கிற பிள்ளைங்க டக்குனு போட்டோ எடுத்து, கைரேகை வச்சு அனுப்பிருதுங்க. நீங்க ஆளுககிட்ட எப்படிக் கேப்பீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

எழுத உட்கார்ந்தேன். விதிகளை வரிசையாக எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதோ கொத்தமல்லி பூத்த ஒரு காடு. எங்கள் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். கரிசல் மண் கண்ணில் படாத அளவுக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்த வாசனை நுழைகிற வீட்டில், கட்டிலில் ஓர் அம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு முன் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி வக்கீல் வேண்டியதில்லை. நம்முடைய சொத்துக் காரியங்களை நமக்காகப் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரம்தான் பவர். எழுதிக் கொடுப்பவர் நேரில் வர வேண்டும். அடையாள அட்டையும், அவரை அறிந்த சாட்சிகளும் வேண்டும். பத்திரத்தை உரிமம் பெற்ற எழுத்தர் எழுதலாம். நாமே எழுதிக்கொண்டும் வரலாம். நடக்க முடியாதவர் என்றால் மனுப் போட்டால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார். இதைச் சொன்னதும் கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார். பதிலில் பாதி என்னிடமே தங்கிவிடும்.

நான் வேலையில் சேர்ந்த கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தேர்வு எழுதினேன், உத்தரவு வந்தது. ஆரம்ப வருடங்கள் பழைய பத்திரங்களுக்கு நகல் ஒப்பிட்டே கழிந்தன. நாள் முழுக்க நான்குமால் படித்துவிட்டுப் படுத்தால் கனவிலும் வடக்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை என்று எல்லைகள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த அலுவலகத்தில் எனக்கு மேலே சார்பதிவாளராக இருந்தவர் அருணாசலம் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பவர் கொடுக்க யாராவது வந்து உட்கார்ந்தால் முதல் காரியமாக மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில், ஓட்டுக் கட்டடத்துக்குள், விசிறி ஓயும்போது அலுவலகமே முணுமுணுக்கும். அவர் கண்டுகொள்ள மாட்டார். வயதானவர்களின் குரல் விசிறிச் சத்தத்தில் கரைந்துபோகும் என்பார். பத்திரத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வந்தவரைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்தபடி கேட்பார்.

"என்ன எழுதிக் குடுக்குதீங்க?"

"பவர் சார்" என்றால் போதாது. "அதில எழுதியிருக்கபடி சார்" என்றாலும் போதாது. "அது காயிதம் சொல்லுது. நீங்க சொல்லுங்க" என்பார். பிறகு காத்திருப்பார். அந்த மௌனத்தில் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் சொந்தப் பேச்சுக்கு வருவார்கள். ஏன் மரத்தைப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஆபீசரு மூஞ்சியப் பாத்தா ஆபீசருக்குப் பிடிச்ச பதிலச் சொல்லுவாங்கம்மா" என்றார்.

கயத்தாறிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப நாளாகும் என்பதால் தம்பிக்குப் பவர் கொடுக்க வந்திருந்தார். சார் கேட்டார், அவர் சொன்னார்: "ரோட்டடி மனை ஒண்ணு கெடக்கு சார். அத விக்கதுக்கு மட்டும்." பத்திரத்தில் அவருடைய சகல சொத்துகளும் என்று இருந்தது. தம்பி முகம் வெளுத்துப்போனது. எழுதியவர் வேறொரு பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார், அவ்வளவுதான். தம்பிக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து பிழையைத் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு, சிரித்தபடி திரும்பி வந்தார்கள். சார் விசிறியைப் போடச் சொன்னார்.

கடம்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகனுக்குப் பவர் கொடுப்பார். மகனோடு சண்டை வந்தால் ரத்து செய்ய வருவார். சமாதானமானால் மறுபடி கொடுக்க வருவார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் குடுக்கவா, எடுக்கவா?" என்று எழுத்தர்களே கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டார். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலவே கண்கலங்கிக் கையெழுத்துப் போடுவார்.

நான் சார்பதிவாளரானபோது அருணாசலம் சார் இல்லை. விசிறியை நிறுத்துகிற பழக்கம் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. பணியின் கடைசி வருடத்தில்தான் கோமதியின் மனு வந்தது.

கழுகுமலைக்கு அந்தப்பக்கம், சாலையைவிட்டு விலகிய ஊர். கோமதிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள், தாயாருக்கு நினைவு தடுமாற ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அப்பா இறந்து வெகுகாலம். அண்ணன் முருகேசன் கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான்; ஊருக்கு வருவது அரிது. காடும் வீடும் தாயார் ராமலட்சுமியம்மாள் பெயரில் இருந்தன.

"பயிர்க் காப்பீடுன்னா அம்மை வரணுங்குதாங்க, பேங்குக்குப் போனா அம்மை வரணுங்குதாங்க" என்றாள் கோமதி. "ஆட்டோவுல தூக்கி வச்சு, எறக்கி, அவ பயந்து அழுது… என்னால ஏலல மேடம். ஒரு பவர் இருந்தா நான் பாத்துக்கிடுவேன். வக்கீல்கிட்டயும் போனேன். இதுக்கு நான் எதுக்கு, சார்பதிவாளர வீட்டுக்குக் கூப்பிட்டாப் போதும்னு அவரே சொல்லிட்டாரு."

ஒரு பிற்பகலில் மடிக்கணினியும் ரேகைக் கருவியுமாக உதவியாளருடன் போனேன். தை பிறந்திருந்தது. வழி நெடுக மல்லிக் காடு. தூரத்தில் காற்றாலைகள் அரைத் தூக்கத்தில் இருப்பவை போல மெல்லச் சுற்றின. கார் நின்ற பிறகும் வாசனை எங்களுடனேயே வீட்டுக்குள் வந்தது.

ராமலட்சுமியம்மாள் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து கையை நீட்டினார்.

"ஏட்டி புஷ்பம்! இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

புஷ்பம், இளவயதில் இறந்துபோன அவருடைய தங்கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, விசிறியை நிறுத்தச் சொல்லி, நான் யார் என்று சொன்னேன். "என்ன எழுதிக் குடுக்குதீங்கம்மா?" என்று கேட்டேன். அவர் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோமதி முழிச்சிரப் போறா, மெதுவாப் பேசு. இப்பத்தான் பாலு குடிச்சிட்டு ஒறங்குதா" என்றார்.

கோமதி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"பதிவு செய்ய முடியாதும்மா" என்றேன் வெளியே வந்து.

"நான் சொல்லச் சொன்னா ஆமான்னு சொல்லுவா மேடம். ரேகை வைன்னா வைப்பா."

"அதனாலதாம்மா முடியாது."

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணாச்சி, "பத்து வருசமா இந்தப் பிள்ளைதான் பாக்கு. ஊருக்கே தெரியும். நீங்க ஒரு ரேகைக்கு யோசிக்கியளே" என்றார். எனக்கும் தெரிந்தது. அந்த வீட்டின் சுத்தத்திலேயே தெரிந்தது. எதிரில் நின்றது ஏமாற்றுக்காரி என்றால் மறுப்பது எளிது. இவளிடம் மறுப்பது அப்படியில்லை. நினைவு தெளியவே தெளியாது என்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், காப்பாளராக நியமிக்கச் சொல்லி மனுச் செய்ய வேண்டும், அதற்கு வக்கீல் கட்டாயம் வேண்டும் என்றேன். கோமதி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"காலைல நல்லாருப்பா மேடம். வெயில் ஏறுறவரைக்கும் எங்கம்மையேதான். மத்தியானமானா எங்கயோ போயிருதா."

"அப்ப டாக்டர் சான்றோட மறுபடி மனுப் போடுங்க. நான் காலைல வாரேன்" என்றேன்.

அப்படித்தான் ஒரு காலையில் மறுபடி போனேன். பனி இன்னும் மல்லிப் பூக்களின் மேல் படிந்திருந்தது. ராமலட்சுமியம்மாள் தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசி, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வாங்க தாயி என்றார். குரலே வேறாக இருந்தது. என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தபடிதான் கேட்டேன்.

"காட்டு வேலை, பேங்கு வேலையெல்லாம் இவளே பாக்கதுக்கு அதிகாரம் குடுக்குதேன்" என்றார். காட்டுக்குக் கிழக்கே யார், மேற்கே யார், ஓடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேளாமலே சொன்னார். உதவியாளர் மடிக்கணினியைத் திறந்தார். அப்போது ராமலட்சுமியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கேன் தாயி. இந்தப் பவரு எதுவரைக்கும் செல்லும்?"

"நீங்க உயிரோட, சுயநினைவோட இருக்கிறவரைக்கும்."

வெளியே ஒரு காட்டுப்புறா குமுறிக்கொண்டிருந்தது.

"நான் மத்தியானமானா எங்கயோ போயிருதேனாம். இவ சொல்லுதா. போற எடம் நல்லாத்தான் இருக்கு. எங்கம்மை இருக்கா. தங்கச்சி இருக்கா. பருத்தி வெடிச்சுக் கெடக்கு, நாங்க எடுத்துக்கிட்டே போறோம், காடு முடியவே மாட்டேங்கு." சொல்லும்போதே அவர் கண் அந்தப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது. "ஒரு நாளைக்கு அங்கனயே இருந்துருவேன்னு தோணுது. அப்ப இவளுக்கு இந்தக் காயிதம் செல்லாதுல்லா?"

"செல்லாது" என்றேன்.

"பெறகு எதுக்கு இந்தப் பவரு? காட்டையும் வீட்டையும் இவ பேருக்கே எழுதிருதேன்."

எத்தனையோ ஆண்டுகளாகப் பவர் பதிந்திருக்கிறேன். கொடுப்பவர் ஒருவர், தான் காணாமல் போகப்போவதை இவ்வளவு அமைதியாக முன்னால் வைத்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

கோமதி பதறினாள். "வேண்டாம்மா! அண்ணன் என்ன நெனப்பான்? புத்தி கெட்ட அம்மைகிட்ட எழுதி வாங்கிட்டான்னு ஊரு சொல்லும்."

அங்கேதான் கேள்விக்கு மறுபாதிப் பதில் வருகிறது. நான் சொன்னேன்: "இப்ப வக்கீல் வேணும்மா. எழுதத் தெரியாதுன்னு இல்ல. பின்னால யாரும் சந்தேகப்படாதபடி எழுதணும். அம்மா காலம் உள்ளவரைக்கும் வீடும் விளைச்சலும் அம்மாவுக்கேன்னு பத்திரத்துல இருக்கணும். அன்னைக்கே டாக்டர் வந்து பாக்கணும். உங்க அண்ணனுக்குத் தெரியணும்."

"அவனுக்குப் போனப் போடு" என்றார் ராமலட்சுமியம்மாள்.

கோமதி தயங்கித் தயங்கிப் போட்டாள். அவர் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏலே முருகேசா, அம்மை பேசுதேன். காட்ட கோமதிக்கு எழுதப் போறேன். ஒன்கிட்டச் சொல்லாமச் செய்யக் கூடாதுல்லா" என்றார். மறுமுனையில் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. அவனே துண்டித்தானா, தானாக அறுந்ததா, தெரியவில்லை. கோமதி சுவரைப் பார்த்து நின்றாள்.

அன்று பவர் பதிவாகவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

கோமதி முன்பு போன அதே வக்கீல்தான் பத்திரத்தை எழுதினார். நல்ல எழுத்து, தாயாரின் ஆயுளுக்கு எல்லாப் பாதுகாப்பும் இருந்தது. குறித்த காலையில் நான் போனபோது டாக்டர், வக்கீல், சுப்பையா அண்ணாச்சி எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலில் பயணப் பையோடு புதிதாக ஒருவர் நின்றார். தலை முழுக்க நரை. முருகேசன். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். தங்கையும் அவனும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

உள்ளே போனோம். ராமலட்சுமியம்மாள் மகனைப் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? காட்டுக்குப் போயிட்டா வாரீங்க?"

காலைதான். வெயில்கூட ஏறவில்லை. ஆனால் அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். முருகேசனை அவன் அப்பாவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், பிறகு மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்தப் புள்ள பேருக்கு எழுதிப் போடுங்க" என்றார் அவர் கணவரிடம். "பயலுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணுதாளேன்னு நெனைக்காதீங்க. அவன் போற புள்ள. எங்க போனாலும் பொழைச்சுக்கிடுவான். இது நம்மளையே சுத்திக் கெடக்கிற புள்ள. அவன் கோவிச்சுக்கிட மாட்டான். நான் பெத்தவன் எனக்குத் தெரியாதா?"

முருகேசன் தலை குனிந்திருந்தது. தோள்கள் மட்டும் அசைந்தன. கொஞ்சம் கழித்து, தன் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து, "சரி. எழுதிருதேன்" என்றான்.

அவர் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார்.

வக்கீல் என்னிடம் தாழ்ந்த குரலில், "தெளிவாத்தானே மேடம் சொல்லிட்டாங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"யார்கிட்டச் சொன்னாங்க சார்?" என்றேன். வெயில் முற்றத்துக்கு வரும்வரை காத்திருந்தோம். ராமலட்சுமியம்மாள் நினைவுக்குத் திரும்பவில்லை. பதிவு மறுக்கப்படுகிறது என்று அந்த வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினேன். கோமதி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குத் தெளிந்த காலை வரவே இல்லை என்று சுப்பையா அண்ணாச்சி அலுவலகப் பக்கம் வந்தபோது சொன்னார். ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த நாட்களில் ராமலட்சுமியம்மாள் போய்ச் சேர்ந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அண்ணனும் தங்கையும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கையில் வாரிசுச் சான்று. தாயார் எதுவும் எழுதி வைக்காததால் சொத்தில் இருவருக்கும் சரிபாதி. முருகேசன் தன் பாதியைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தோடு வந்திருந்தான். யாருடைய வற்புறுத்தலாவது உண்டா என்று கேட்பது என் கடமை, கேட்டேன்.

"இல்ல மேடம். அம்மைகிட்டச் சரின்னு சொல்லிட்டேன்" என்றான்.

அவன் ரேகை வைத்துவிட்டு வராந்தாவில் கை துடைக்கப் போனான். கோமதி எழுந்திருக்கவில்லை. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் இருப்பது தெரிந்தது. அம்மா கடைசியில் கஷ்டப்பட்டார்களா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். கடைசி ரெண்டு மாசம் என்னைய அவளுக்குத் தெரியல. புஷ்பம் புஷ்பம்னே கூப்பிட்டா. மொதல்ல, நான் கோமதிம்மா, கோமதிம்மான்னு சொல்லிச் சொல்லி அழுவேன். அவளும் பயந்து அழுவா. பெறகு சித்தியாவே இருந்துட்டேன். அவ பருத்தி எடுக்கப் போவோமாம்பா, போவோம்பேன். சாகுததுக்கு மொதநாள் என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'ஏட்டி புஷ்பம், கோமதி தனியாக் கெடப்பா, நீதான் அவளப் பாத்துக்கிடணும்'னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன் மேடம்."

வெளியே அண்ணன் கூப்பிட்டான். கோமதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதனால இப்பல்லாம் நேரத்துக்குச் சாப்பிட்டுருதேன்" என்றாள்.